ஐந்து நிமிஷமும் ஒரு மைக்கும்

சென்ற இதழில் வடுமாங்காயைப் பற்றி நாலு வரி எழுதப்போய், "உப்பு எத்தனை என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்களே!" என்று கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. மன்னிக்க வேண்டும் சகோதரிகளே! உப்புக் கணக்கை அடுத்த இதழில் அவசியம் தருகிறேன். இந்தத் தடவை ஊறுகாய்க்கு இடமில்லை. ஏனென்றால் மூன்று மாதமாக நானே ஊறிக்கொண்டிருக்கிறேன், பயத்தில்!

"ரொம்ப நாளா உங்க தொடர்கதை ஒன்றும் காணோமே, உடம்புக்கு ஏதாவது...?" என்று அன்போடு விசாரித்திருந்தவர்களுக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. மேடையேறிவிட்டேன்.

நாட்டியமா, கச்சேரியா என்று கேட்காதீர்கள். அதற்கெல்லாம் துணைக்கு ஒரு மிருதங்கமாவது இருக்கும். இது தன்னந்தனியாக நின்று, ஒரு மைக்கைப் பிடித்துக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களைச் சிரிக்க வைக்கிற வேலை. ஸ்டாண்ட்-அப் காமெடி என்கிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போர்வைக்குள் செல்போனை வைத்துக்கொண்டு 'களுக்' என்று சிரிக்கிறானே, அநேகமாக அதுதான்.

எனக்கு வயது 54. 1994-ல் என் முதல் நகைச்சுவைக் கதை அச்சில் வந்தது. அதற்கப்புறம் பதினொரு நாவல்கள், கணக்கில்லாத துணுக்குகள். எல்லாவற்றிலும் ஒரு கணவர் வருவார். சிக்கனக்காரர், மறதிக்காரர், கையில் சாவியை வைத்துக்கொண்டே வீடு முழுக்கச் சாவி தேடுகிறவர். அந்தக் கணவருக்கு நாவலில் நான் வைத்த பெயரை இங்கே எழுதமாட்டேன். எங்கள் தெருவில் பால்காரரிலிருந்து மளிகைக் கடைக்காரர் வரை என் வீட்டுக்காரரை அந்தப் பெயர் சொல்லியே கூப்பிட ஆரம்பித்து, ஒரு தடவை பாங்கில் கையெழுத்துப் போடும்போதுகூட ஒரு கணம் தடுமாறினாராம், பாவம்!

"சாருக்குக் கோபமே வராதா?" என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். வந்ததில்லை. கதை அச்சில் வந்ததும் முதலில் படிக்கிறவர் அவர்தான். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒரு வரி விடாமல் படிப்பார். முடித்ததும் "அச்சுப்பிழை மூணு" என்பார். அவ்வளவுதான் விமர்சனம். அவர் கோபித்தும் நான் பார்த்ததில்லை, சிரித்தும் பார்த்ததில்லை.

சொல்லப்போனால், யார் சிரித்துமே நான் பார்த்ததில்லை! ஒரு சமயம் பல்லவன் எக்ஸ்பிரஸில் திருச்சிக்குப் போய்க்கொண்டிருந்தேன். எதிர் சீட்டில் ஒரு அம்மாள், கையில் என் தொடர்கதை வந்த இதழ். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. செங்கல்பட்டிலிருந்து விருத்தாசலம் வரை அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். உதட்டோரம் ஒரு அசைவு? ஊஹும்! அரியலூரில் புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்கியே போய்விட்டார். திருச்சியில் இறங்கும்போது தன் வீட்டுக்காரரிடம் சொன்னார்: "நல்லா சிரிப்பா எழுதியிருக்கா இந்தப் பொம்பளை!"

அம்மா தாயே, அந்தச் சிரிப்பை எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள்? முப்பது வருஷம் பந்திக்குச் சமைத்துவிட்டு, சாப்பிடுகிறவர்கள் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்காத சமையல்காரியாகவே இருந்துவிட்டேன் என்று அன்று தோன்றியது.

இந்த ஏக்கத்தை மருமகளிடம் ஒருநாள் உளறிவிட்டேன். அவள் சும்மா இருப்பாளா? "அத்தை, நீங்க சாப்பிடறப்போ எங்களைச் சிரிக்க வச்சுப் புரையேற விடறீங்களே, அதையே அங்க போய்ப் பேசுங்க" என்று செல்போனிலேயே என் பெயரைப் பதிவு செய்துவிட்டாள். மருமகள் மாமியாரைப் பழிவாங்க எத்தனையோ வழி உண்டு. இது கொஞ்சம் நூதனமான வழி!

நம் ஊரில் பெண்கள் சிரிக்க வைத்ததே இல்லையா என்ன? டி.ஏ. மதுரம் இல்லையா? பள்ளத்தூரில் நாடக மேடையில் தொடங்கி ஆயிரம் படங்களைத் தாண்டிய மனோரமா ஆச்சி இல்லையா? கோவை சரளா வாயைத் திறப்பதற்கு முன்பே நாம் சிரிக்கிறோம். ஆனால் அவர்களுக்கெல்லாம் போட்டுக்கொள்ள ஒரு வேஷம் இருந்தது. பேசியதில் பெரும்பகுதி வேறொருவர் எழுதிக் கொடுத்த வசனம். பட்டிமன்றத்தில் சொந்தச் சரக்கு உண்டு, வாஸ்தவம். பாரதி பாஸ்கர் பேசும்போது சபை குலுங்குவதைப் பார்த்திருக்கிறோம். அங்கேயும் ஒரு தலைப்பு, ஓர் அணி, நடுவில் ஒரு நடுவர் என்று மூன்று பக்கமும் சுவர் இருக்கிறது. பேச்சு வழுக்கினால் நடுவர் ஒரு குறளைச் சொல்லித் தூக்கி நிறுத்திவிடுவார். இங்கே வேஷமும் இல்லை, நடுவரும் இல்லை. நான், நானாகவே நின்று, என் வீட்டுக் கதையை என் வாயால் சொல்லவேண்டும்.

எழுத்திலாவது முன்னோடி உண்டா என்றால், அதில் ஒரு சோகக் கதை இருக்கிறது. பள்ளிக்கூட நாட்களில் அப்புசாமி–சீதாப்பாட்டி கதைகளைப் படித்துவிட்டு, 'ஆகா, பாக்கியம் என்று ஒரு அம்மாள் என்னமாய் எழுதுகிறார்! நாமும் எழுதலாம் போலிருக்கிறதே' என்றுதான் நான் பேனாவையே எடுத்தேன். பிற்பாடுதான் தெரிந்தது, பாக்கியம் ராமசாமி என்பது ஜ.ரா. சுந்தரேசன் என்கிற ஆண்பிள்ளை, தன் அம்மா பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்து வைத்துக்கொண்ட புனைபெயர் என்று! ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆழ்வார்பேட்டைப் பக்கம் ஒரு காபிக் கடை. அதன் மாடியில் ஒரு சின்ன ஹால். நாற்பது நாற்காலி, ஒரு மைக், ஒரு உயரமான ஸ்டூல், கண்ணைக் கூசும் ஒரு விளக்கு. இதற்கு 'ஓப்பன் மைக்' என்று பெயர். முன்கூட்டிப் பதிவு செய்தவர்கள் யாரும் பேசலாம். ஆளுக்கு ஐந்து நிமிஷம், சன்மானம் கிடையாது. நாலு நிமிஷம் ஆனதும் பின்வரிசையிலிருந்து ஒருவர் செல்போன் டார்ச்சை அடிப்பார். அப்புறம் ஒரு நிமிஷத்தில் முடித்துக்கொண்டு இறங்கிவிட வேண்டும். மிட்டாய்க் கடையில் ருசி பார்க்கக் கொஞ்சம் கிள்ளிக் கொடுப்பார்களே, அந்த மாதிரி. புது ஜோக்கை இங்கே சொல்லிப் பார்ப்பார்கள். சிரிப்பு வந்தால் பெரிய நிகழ்ச்சிக்கு எடுத்துப்போவார்கள், வராவிட்டால் அங்கேயே குப்பைக்கூடை.

பேச வந்தவர்கள் எல்லாம் இருபத்தைந்து, முப்பது வயசுப் பிள்ளைகள். காஞ்சிப் பருத்திப் புடவையும் கைப்பையுமாக நான் போய் நின்றதும், ஒரு பையன் பரிவோடு நாற்காலி போட்டு, "நீங்க யாரோட அம்மா?" என்று கேட்டான். என் வீட்டுக்காரர் மேலே வரவில்லை. "இங்க நோ பார்க்கிங். நான் கீழே வண்டியைப் பார்த்துக்கறேன்" என்று ஸ்கூட்டர் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

என் நாவல்களிலேயே ரொம்ப நல்ல இடம் என்று பேர் வாங்கிய ஒரு பாராவை மனப்பாடம் செய்து கொண்டுபோயிருந்தேன். சொன்னேன். பரீட்சை ஹால் மாதிரி ஒரு நிசப்தம்! கீழே காபி மெஷின் ஆவி விடுகிற சத்தம் துல்லியமாகக் கேட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நாலாவது நிமிஷத்து டார்ச் வெளிச்சம், காட்டில் வழி தவறியவளுக்குத் தெரிந்த விளக்கு மாதிரி இருந்தது. ஓடி வந்துவிட்டேன்.

மாடிப்படியில் ஒரு பெண் என் பின்னாலேயே வந்தாள். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, என் மருமகளைவிடச் சின்னவள். "ஆன்ட்டி, ஜோக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வால்தான் ரொம்ப நீளம்" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அவள் சொல்லிக் கொடுத்ததை உங்களுக்கும் சொல்கிறேன். என் நாவலில் இப்படி ஒரு வாக்கியம்: "'டாக்டர் உப்பைத்தானே குறைக்கச் சொன்னார், நீ ஏன் சாம்பாரையே குறைத்துவிட்டாய்?' என்று அவர் தட்டைப் பார்த்தபடி பரிதாபமாகக் கேட்டார்." காகிதத்தில் இது சரிதான். கண் ஒரே பார்வையில் மொத்தத்தையும் வாங்கிக்கொள்கிறது. ஆனால் காதுக்கு அப்படி இல்லை. 'சாம்பாரையே குறைத்துவிட்டாய்' என்ற இடத்தில் ஜனங்கள் சிரிக்க வாயைத் திறக்கிறார்கள். அந்தச் சமயம் பார்த்து நான் 'என்று அவர் தட்டைப் பார்த்தபடி பரிதாபமாகக் கேட்டார்' என்று இழுத்துக்கொண்டே போகிறேன். மரியாதையுள்ள சபை, இன்னும் ஏதோ சொல்கிறாளே என்று வாயை மூடிக்கொண்டுவிடுகிறது!

சிரிப்பு வருகிற வார்த்தையைக் கடைசியில் வை என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடியாம். இங்கிலீஷ்காரர்களுக்கு அது சுலபம். 'அவர் சொன்னார்' என்பதை முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுவார்கள். நம் தமிழிலோ வினைச்சொல் பெரிய மனுஷர் மாதிரி கடைசியில்தான் வந்து உட்காரும். எழுத்துத் தமிழில் முப்பது வருஷம் நான் போட்ட 'என்றார்', 'என்று கேட்டார்', 'என்று முணுமுணுத்தார்' எல்லாம் சேர்த்தால் ஒரு லாரி பிடிக்கும். அத்தனையும் மேடையில் சிரிப்புக்குப் போட்ட பூட்டு. அப்போ என்ன செய்யலாம்? வீட்டில் நாம் பேசுகிற மாதிரியே பேசவேண்டியதுதான். "தட்டையே பார்த்துட்டிருந்தார். அப்புறம் மெதுவா கேக்கறார்: டாக்டர் உப்பைத்தானே குறைக்கச் சொன்னாரு... நீ ஏன் சாம்பாரையே குறைச்சிட்டே?" நிறுத்து. அங்கேயே நிறுத்து! பேச்சுத் தமிழ் எவ்வளவு கெட்டிக்காரத் தமிழ் என்று 54 வயதில் படித்துக்கொண்டேன்.

இன்னொன்றும் தெரிந்தது. அந்தப் பிள்ளைகள் எல்லாரும் தாங்கள் பேசுவதைச் செல்போனில் பதிவு செய்து, வீட்டுக்குப் போய்க் கேட்கிறார்கள். நானும் என் பதிவைக் கேட்டேன். இரண்டு இடத்தில் நிஜமாகவே சிரிப்பு துளிர்த்திருக்கிறது. நான்தான் பயத்தில் அதன்மேலேயே அடுத்த வரியைக் கொட்டி மிதித்துவிட்டிருக்கிறேன். படிக்கிறவள் தன் சௌகரியத்துக்கு நிறுத்திக்கொள்வாள். மேடையிலோ சிரிப்பு ஏறி இறங்குகிறவரை நான் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். அந்த மூன்று விநாடி இருக்கிறதே, மூன்று முகூர்த்தம்!

தொண்டை விஷயமாக ஒரு காது–மூக்கு–தொண்டை டாக்டரையும் பார்த்தேன். பயத்தில் உடம்பில் அட்ரினலின் சுரக்கும், அப்போது எச்சில் சுரப்பு குறைந்து வாய் உலர்ந்துபோகும், அடிக்கடி ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பது போதும் என்றார். 'உஹ்ஹும்' என்று செருமிச் செருமிக் குரலைச் சரி செய்யாதீர்கள், குரல் நாண்கள் ஒன்றோடொன்று மோதிப் புண்ணாகும் என்றும் சொன்னார். பாட்டு டீச்சர்களும் பள்ளிக்கூட டீச்சர்களும் குறித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது தடவை. ஐப்பசி மழை. கீழே நிற்க வழியில்லாமல் என் வீட்டுக்காரர் மழைக்கோட்டோடு மாடிக்கு வந்து, பின்சுவர் ஓரமாக நின்றார்.

அன்றைக்கு நான் எடுத்துப்போனது ஃபேன் ஜோக். 1998-ல் எழுதிய நாவலில் வந்தது. அதை ஏன் எடுத்தேன் என்று சொல்ல வேண்டும். நம் வயசுக்காரர்களுக்குத் தெரியும். திடீரென்று மார்பிலிருந்து கழுத்து, முகம் வரை ஒரு சூடு ஏறும். வேர்த்துக் கொட்டும். ஓரிரு நிமிஷத்தில் இறங்கிவிடும், அப்புறம் குளிரும். மாதவிடாய் நிற்கிற காலத்தில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைவதால், மூளையில் உடம்புச் சூட்டைக் கட்டுப்படுத்துகிற பகுதி சின்ன மாற்றத்துக்கெல்லாம் பதறிப்போய், தோலில் உள்ள ரத்தக் குழாய்களை விரியச் செய்வதால் வருவது இது. சில வருஷங்கள் நீடிக்கலாம். சூடான காபி, காரம், மனப் பதற்றம் இவை தூண்டிவிடும். தூக்கம் கெடுகிற அளவுக்கு இருந்தால் சும்மா பொறுத்துக்கொண்டிராமல் டாக்டரிடம் காட்டுங்கள், மருந்து இருக்கிறது. (மாதவிடாய் நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆனபிறகு மறுபடி உதிரப்போக்கு கண்டால் ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அது தனி விஷயம், ஆனாலும் இங்கேயே சொல்லி வைக்கிறேன்.) ஆக, நாலைந்து வருஷமாக எனக்கு ஃபேன் இல்லாமல் முடியாது. அதனால் ஃபேன் ஜோக் ஞாபகம் வந்தது. அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

மேடையில் இப்படிச் சொன்னேன்:

"எங்க வீட்டுக்காரர் ரொம்பச் சிக்கனம். ரூமை விட்டு வெளியே போனா ஃபேனை அணைச்சுட்டுத்தான் போவார். நல்ல பழக்கம்தான்... உள்ளே நான் உட்கார்ந்திருக்கேன். 'என்னங்க, ஃபேனு!'ன்னு கத்தினேன். திரும்பி எட்டிப் பார்த்தார். 'ஓ... யாரும் இல்லைன்னு நினைச்சேன்!'"

நிறுத்தினேன். மூன்று விநாடி.

அந்தச் சிரிப்பை எப்படிச் சொல்வேன்! மழைச் சத்தத்தையும் மீறிக்கொண்டு எழும்பியது. முன்வரிசையில் ஒரு அம்மாள் பக்கத்திலிருந்த தன் வீட்டுக்காரர் தோளில் பட்டென்று அடித்து, "எங்க வீட்லயும்! எங்க வீட்லயும்!" என்றாள். முப்பது வருஷமாக எந்த முகத்தைத் தேடினேனோ அந்த முகம். இறங்கி வரும்போது கால் தரையில் படவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் பேசவில்லை. மழைக்காக என்று நினைத்தேன். மறுநாள் காலை காபியை வைத்தபோது, டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"இத்தனை வருஷமா நான் அதைக் கரண்ட் ஜோக்குன்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்?"

எனக்குப் பதில் வரவில்லை.

"புஸ்தகத்துல நான் தனியா படிச்சேன். அங்க நாப்பது பேர் சிரிச்சாங்க. அதுல அந்தப் பொம்பளைங்க சிரிச்சது... அது சிரிப்பு மாதிரியே இல்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். போகும்போது ஃபேனைத் தொடவில்லை.

பரணிலிருந்து அந்த நாவலை எடுத்துத் தூசி தட்டிப் பார்த்தேன். அங்கே அந்தக் கணவர், 'ஆளில்லாத அறைக்கு எதற்கு மின்சாரம்?' என்கிறார். உடனே மனைவி, 'அப்போது நான் என்ன, நாற்காலியா?' என்று ஒரு போடு போடுகிறாள். அவர் அசடு வழிந்து, மறுபடி ஸ்விட்சைப் போடப்போய், தவறிக் காலிங் பெல்லை அழுத்தி... என்று இரண்டு பக்கம் அவர் படும் பாடுதான் கதை. மேடைக்காக நான் அந்த இரண்டு பக்கத்தையும் வெட்டியிருந்தேன். மனைவியின் பதிலையும் வெட்டிவிட்டேன். 'யாரும் இல்லைன்னு நினைச்சேன்' என்பதோடு நிறுத்தினால்தான் சிரிப்பு வருகிறது. ஆனால் அங்கே நிறுத்தியதும், ஜோக்கில் மாட்டிக்கொண்டவர் அவர் இல்லை. இருட்டு அறையில் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருக்கிற ஒருத்தி மட்டும் மிச்சம். அதைத்தான் அந்த ஹாலில் இருந்த பெண்கள் கண்டுகொண்டார்கள். நாவலில் அவருக்கு நான் வேறு பெயராவது வைத்திருந்தேன். மேடையில் வாய்கூசாமல் 'எங்க வீட்டுக்காரர்' என்று சொல்லிவிட்டேன்!

மனசு ஆறாமல், இந்தத் தொழிலில் எனக்கு மூத்தவர்கள் யார் யார் என்று தேடிப் படித்துக்கொண்டிருந்தபோது அமெரிக்காவின் ஃபிலிஸ் டில்லர் அகப்பட்டார். ரேடியோ நிலையத்தில் விளம்பர வாசகம் எழுதிக்கொண்டிருந்த இல்லத்தரசி, ஐந்து குழந்தைகளுக்குத் தாய். 1955-ல், 37 வயதில், சான் பிரான்சிஸ்கோவில் 'பர்ப்பிள் ஆனியன்' என்ற கிளப்பில் முதன்முதலாக மேடையேறினார். (ஊதா வெங்காயம்! பெயரைக் கேட்டதுமே எனக்குப் பிடித்துப்போயிற்று.) இரண்டு வாரத்துக்கென்று அழைத்தவர்கள் 89 வாரம் விடவில்லை. சமையல் வராது, இஸ்திரி போட வராது, முகம் லட்சணமில்லை என்று தன்னையே கேலி செய்துகொள்வார். கூடவே ஒரு கணவரும் அவர் ஜோக்குகளில் வருவார். பெயர் 'ஃபாங்', கோரைப்பல் என்று அர்த்தம்! மாமியார், நாத்தனாரையும் விட்டுவைக்கவில்லை. கடைசியில் நிஜ மாமியாரும் நாத்தனாரும் கோர்ட்டுக்கே போனார்கள். 'நான் சொல்வதெல்லாம் கற்பனைப் பாத்திரங்கள்' என்பது டில்லரின் வாதம். 1965-ல் நிஜக் கணவரோடு விவாகரத்து ஆனது. அதற்குப் பிறகும் மேடையில் ஃபாங் இருந்தார். ஒரு ஜோக்குக்கு ஒரு அட்டை என்று அவர் சேர்த்து வைத்த ஐம்பதாயிரத்துக்கும் அதிகமான அட்டைகள், இரும்பு அலமாரியோடு, 2003-லிருந்து வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஐம்பதாயிரம்! நம் வீட்டு ரேஷன் கார்டே வேண்டிய சமயத்தில் கிடைப்பதில்லை.

அந்த அம்மாளை நான் நமஸ்கரிக்கிறேன். ஆனால் 'கற்பனைப் பாத்திரம்' என்று நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? என் பாத்திரம் பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறது.

அன்று சாயங்காலம் பீன்ஸ் நறுக்க உட்கார்ந்தபோது அவரும் வந்து நார் எடுக்க உட்கார்ந்தார். நானே ஆரம்பித்தேன். இந்தச் சூடு ஏறுவதைப் பற்றி, ராத்திரியில் எழுந்து உட்காருவதைப் பற்றி எல்லாம் சொன்னேன். சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. இதை மேடையில் நாற்பது பேரிடம் சொல்லத் தயாராக இருந்திருக்கிறேன், இவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

கொஞ்ச நேரம் நார் எடுத்துக்கொண்டிருந்தார். "ராத்திரி நீ எழுந்து உட்கார்றதைப் பார்த்திருக்கேன். கதை யோசிக்கறேன்னு நினைச்சேன். தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு திரும்பிப் படுத்துடுவேன்" என்றார்.

நாலைந்து வருஷம்! இரண்டு பேரும் ஒரே கட்டிலில், ஒருவருக்கொருவர் தொந்தரவு கொடுக்காமல்...

மூன்றாவது மேடைக்கு ஃபேன் ஜோக்கை எடுத்துவிட்டேன். அவர் கேட்டுக்கொள்ளவில்லை, நானாகத்தான் எடுத்தேன். பதிலுக்கு என்னைப் பற்றியே பேசினேன். ஃபிரிட்ஜைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டு நின்றதையும், பேரன் வந்து "பாட்டி, வெளியே வர வழி தெரியலையா?" என்று கேட்டதையும் சொன்னேன். சிரித்தார்கள். சுமாராகத்தான் சிரித்தார்கள். போன தடவை மாதிரி இல்லை. அதை மறைப்பானேன்? ஐந்து நிமிஷம் முடிகிற நேரம், டார்ச்சும் அடித்தாயிற்று. பின்னாலிருந்து ஒரு பெண் குரல்: "ஆன்ட்டி, ஃபேன் ஜோக் சொல்லுங்க!"

பகீரென்றது. போன தடவை வந்திருந்தவள் போலிருக்கிறது. இன்னும் இரண்டு பேர் "ஆமா, ஃபேன் ஜோக்!" என்றார்கள். நான் அவரைப் பார்த்தேன். இந்த முறை நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார், மூன்றாவது வரிசையில். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடி நெற்றியில் இருந்தது.

"அது ரிப்பேர்ல இருக்குமா" என்றேன்.

எழுதி வைத்த வரி இல்லை, சத்தியமாக. வாயில் வந்தது. மூன்று மேடையிலும் சேர்த்து, பெரிய சிரிப்பு அதற்குத்தான்.

அவர் சிரித்தாரா என்றுதானே கேட்கிறீர்கள்? விளக்கு கண்ணைக் கூசியது, சரியாகத் தெரியவில்லை. ஸ்கூட்டரில் வரும்போது, சிக்னலில் நின்றபோது சொன்னார்: "அந்த ஜோக்குல ஒரு தப்பு இருக்கு. நான் 'ஓ'ன்னு சொல்லவே இல்லை. அது நீயாச் சேர்த்தது." கொஞ்சம் பொறுத்து, "மத்ததெல்லாம் சொன்னதுதான்" என்றார்.

அடுத்த மாதம் பதினைந்து நிமிஷம் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், டிக்கெட் போட்டு. ஃபேன் ஜோக்கைச் சேர்ப்பதா வேண்டாமா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. சேர்த்தால் 'ஓ' இல்லாமல்தான் சேர்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் அந்த இடத்தில் ஒரு இழுப்பு குறைகிறது. நாலு விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போதெல்லாம் அவர் எந்த அறையை விட்டுப் போனாலும் ஃபேனை அணைப்பதில்லை. நான் சமையலறையில் இருக்கிறேன், மருமகள் ஆபீசில், பேரன் பள்ளிக்கூடத்தில். ஹாலில் ஈ காக்கை இல்லை. அங்கே ஃபேன் பாட்டுக்கு ஐந்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. "என்னங்க, யாரும் இல்லையே, அணைக்கலாமே?" என்றால், "எதுக்கு வம்பு?" என்கிறார். இந்தத் தடவை கரண்ட் பில்லை நான்தான் கட்ட வேண்டுமாம்.